கடலில் இறங்கச் சொன்னவன்

என் மச்சான் பஸால் சாராயத்தை மணந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவனுடைய ஈரல் சுருங்கிவிட்டது. சீனி வருத்தமும் கொழுப்பும் பார்த்த வேலை என்றார் டொக்டர். மருதமுனையில் இதை யாரிடம் சொல்ல? ஈரல் என்றாலே சனம் போத்தலைத் தேடும். அதனால் விசயம் மூன்று பேரோடு நின்றது: அவன், அவன் பெண்சாதியான என் தங்கச்சி ஜுனைதா, நான். ஊரிலேயே பெரிய வாய்க்காரனான என்னை நம்பி ரகசியம் சொன்ன குடும்பம் எங்களுடையது.

டொக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். காலில் சின்னக் காயம் இருந்தாலும் கடல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மணலில் நின்றோம். வலைக்கார முகம்மது தம்பி பஸாலைப் பார்த்து வாயைக் கோணினான்.

"வகுறு மட்டும் வளருது, கயிறு புடிக்க ஏலாதோ? நீ ஒளிச்சுக் குடிக்கிறயாமே, சனம் கதைக்குது."

பஸாலின் முகம் செத்துப்போனது. அவனுக்கு வரவேண்டிய ரோசம் எனக்கு வந்தது.

"எறங்கு மச்சான். ரெண்டு இழுவை இழுத்துக் காட்டு. இவனுகள்ற வாய மூடிரலாம்."

"குதிகால் வெடிச்சிருக்கு மச்சான்."

"நீ என்ன கலியாணப் பொண்ணா? அஞ்சு நிமிசம் கால் நனைஞ்சா கடல் உன்னத் திண்டுருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே சாறனை மடித்துக் கட்டி இறங்கினான்.

சனிக்கிழமை விடியக் கால் வீங்கியிருந்தது. பகலாவதற்குள் கறுப்பும் ஊதாவுமாகக் கொப்புளங்கள்.

"கடல் கிருமி," என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். "உங்களையும் என்னையும் ஒண்டும் செய்யாது. இவர்ற ஈரலால தடுக்க ஏலாது. ரெத்தத்துல ஏறிட்டு."

"ஏன் எறங்கினீங்க?" என்று ஜுனைதா அழுதாள்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற என்னைப் பார்க்காமலே பஸால் சொன்னான்: "நானாத்தான் புள்ள எறங்கின. ஆசையா இருந்திச்சி."

திங்கட்கிழமை மௌத்தானான்.

ஜுனைதா இத்தா இருக்கிறாள், புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் காலம். அறை வாசலில் திரைச்சீலை தொங்குகிறது. அது அந்நிய ஆம்பிளைகளுக்கு. கூடப்பிறந்த காக்காவுக்கு மறைப்பில்லை. ஏழாம் நாள் சீலையை ஒதுக்கிவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள்.

"காக்கா, அவரு செருப்பில்லாம வளவுக்குள்ளயும் கால் வைக்காத மனுசன். ஆசைக்கு எறங்குவாரா? என்ன நடந்த?"

கைவசம் ஐந்தாறு பொய்கள் இருந்தன. எல்லாம் நல்ல பொய்கள். ஒன்றிரண்டில் அவளைக் கொஞ்சம் சிரிக்கவைத்திருக்கவும் முடியும்.

"நான்தான் எறங்கச் சொன்னன்," என்றேன். "மாட்டன் எண்டுதான் நிண்டவன். நாலு பேர் பார்க்கப் பகிடி பண்ணி எறக்கின."

அவள் எழுந்து உள்ளே போய்ச் சீலையை இழுத்துவிட்டாள்.

இத்தா முடிய இன்னும் நாலு மாதமும் மூன்று நாளும் கிடக்கின்றன. அதற்குப் பிறகாவது எனக்கு அந்தச் சீலையை விலக்குவாளோ தெரியவில்லை.