எட்டே முக்கால் ஆம்பியர்

மழை பெய்துகொண்டிருந்த மதியம். மீன் காட்சியகத்தில் மின்சாரம் போய் அரைமணி நேரமாகிவிட்டது. ஜெல்லி மீன் தொட்டிகள் தங்கையின் பொறுப்பு. பம்பு நின்று நீரோட்டம் அடங்கினால் அவை ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படுத்துவிடும். ஜெனரேட்டரை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்; இரண்டு முறையும் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா எலக்ட்ரீஷியன். மீனுக்குத் தீனி போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவள் கேட்டதிலிருந்து ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

அக்கா தெப்பலாக நனைந்து வந்தாள். தங்கை தன் கணக்கை ஒப்பித்தாள்: பம்புகள் ஆயிரத்து முந்நூறு வாட், விளக்குகள் அறுநூறு. ஜெனரேட்டரோ இரண்டு கே.வி.ஏ., அதாவது இரண்டாயிரம். தாங்க வேண்டுமே?

"மோட்டார் செய்யற வேலைதான் வாட்டு. அது இழுக்கறது இன்னும் அதிகம். ஆம்பியரைப் பாரு" என்றாள் அக்கா.

அக்காவே இரண்டாயிரத்தை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தாள். எட்டே முக்கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஜெனரேட்டரால் முடிந்தது அவ்வளவுதான். பம்பின் தகட்டில் இரண்டு ஆம்பியர் என்றிருந்தது. நான்கு பம்புக்கு எட்டு. விளக்குகளும் சேர்ந்தால் பத்தைத் தாண்டிவிடும்.

"அப்ப விளக்கு வேண்டாம்" என்றாள் தங்கை.

கிளம்பும்போது மோட்டார் கூடுதலாக இழுக்கும் என்பதால் பம்புகளை ஒவ்வொன்றாக, நிதானமாகப் போட்டார்கள். நான்காவதற்கு ஜெனரேட்டர் ஒரு கணம் முனகிவிட்டு, பிறகு சீராக ஓடியது.

கூரைக் கண்ணாடியில் வழிந்த மழையின் நிழல் தொட்டிகளுக்குள் நெளிந்தது. அந்த மங்கலில் ஜெல்லி மீன்கள் விரிந்து சுருங்கி மேலே வரத் தொடங்கின. அறையே தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது அக்காவுக்கு.

"இதுங்க என்னடி நினைக்கும்?"

"மூளையே கிடையாதுக்கா."

"கொடுத்து வச்சதுங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநேரம் கழித்து, அன்றைக்குத் தான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றாள் அக்கா. தங்கை, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

ஒரு ஜெல்லி மீன் மட்டும் அடியிலேயே கிடந்தது. தங்கை தோள்வரை கையை விட்டு, உள்ளங்கையில் ஏந்தி, அதை நீரோட்டத்தில் விட்டாள். அது சும்மா சுழன்றது. மறுபடி ஏந்தி விட்டாள். மூன்றாம் முறை ஓரம் மெல்லச் சுருங்கி விரிந்தது.

"போகுது" என்றாள் அக்கா, மூச்சுக்குள்ளேயே.