வாலில் பழுப்பு அதிகம்

“நடுவுல ரெண்டு பின் போதும்மா. நாலு அடிச்சா படிக்கிற பிள்ளை கையத்தான் கிழிக்கும்” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

“சீக்கிரம்ண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“ஒரே ஒரு புக்குதானா? இத யாருக்கு விக்கப் போற?”

அவள் தாள்களை எண்ணிச் சரிபார்த்தாள். பன்னிரண்டு கலர் பக்கங்கள். ‘பொய் சொல்லாத அணில்’. எழுத்தும் படமும் அப்பா. முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு நல்லொழுக்கப் படக்கதை போட்ட மனிதர். இந்தக் கடைசிப் புத்தகத்தைப் பதிப்பகம் வேண்டாமென்று திருப்பி அனுப்பி ஒரு மாதமாகிறது. ‘அச்சுல இருக்குப்பா’ என்று அவள் சொல்லிவைத்ததும் அன்றைக்குத்தான். இன்று சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் காலையில் கையை விரித்துவிட்டார்.

ஏழு வயதில், உடைந்துபோன கண்ணாடி டம்ளருக்காக அவள் ஒரு பொய் சொன்னாள். மூன்று நாள் அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா பாதியாகக் கிடந்தார். புத்தகத்தை அவர் மார்பின் மேல் வைத்தாள்.

“வந்துடுச்சுப்பா. கடைக்கெல்லாம் போயாச்சு.”

அவர் அட்டையைத் தடவினார். பின்களைத் தடவினார். விரல் அங்கேயே நின்றது.

“நல்லா வந்திருக்கும்மா” என்றார். “கண்ணாடியக் குடு. நான் பாக்கலன்னா என் அணில் கோவிச்சுக்கும். நீ போய் ஒரு வாய் சாப்பிட்டு வா. காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ.”

கேன்டீனிலிருந்து அவள் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

நர்ஸ் ஒரு பையை நீட்டினாள். மூக்குக் கண்ணாடி, செருப்பு, புத்தகம். “பென்சில் கேட்டாரு, குடுத்தேன். ஏதோ எழுதிட்டே இருந்தாரு.”

அவள் புரட்டினாள். ஏழாம் பக்கத்தில் அணிலைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் அவருடைய பொடி எழுத்து: ‘வாலில் பழுப்பு அதிகம். அச்சுக்கு முன் குறைக்கவும்.’

அச்சாகி வந்த புத்தகத்தை அப்பா ஒருநாளும் திருத்தியதில்லை.

எட்டாம் பக்கத்தில் ஒரு கோடு தொடங்கி, தாளை விட்டு வெளியே போயிருந்தது.

“அப்பா போட்ட புக்கா?” நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அழகா இருக்கே. என் பொண்ணுக்கு வாங்கணும். கடையில கிடைக்குதா?”

“கிடைக்குது சிஸ்டர்” என்றாள். “எல்லாக் கடையிலயும் கிடைக்குது.”

அவள் கட்டைவிரல் அந்த வட்டத்தை மூடியிருந்தது.