பெண்டாட்டிதாசனுக்குக் கருமாதி

என் நைனா வெங்கடசாமி செத்த பத்தாம் நாள் புத்தலப்பட்டு ஏரிக்கரையில் நான் கேட்ட புகழ்ச்சி இன்னும் வாயில் கசக்கிறது. அவர் இருந்தவரைக்கும் பெண்டாட்டிதாசன் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்த அதே வாய்கள், பந்தலுக்குள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அவரை ஸ்ரீராமன் என்றன. அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் எழுந்து போய் ஏரியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்திருப்பேன்.

திருத்தணியை மெட்ராஸ் பக்கம் கொடுத்து, சத்தியவேட்டை ஆந்திராவுக்கு எடுத்து, எல்லையை ஒரு வழியாகப் பிரித்து முடித்திருந்த வருஷம் அது. அதனால் செத்தவரையும் பிரித்துக்கொள்ள ஆள் வந்திருந்தது. சித்தூரிலிருந்து வந்த தமிழ்க் கழகத்துக்காரர் ஒருவர், சித்தூர் நமக்கு இல்லை என்று ஆனதும் இன்ஜினியர் அய்யா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார் என்றார். அடுத்துப் பேசிய தெலுங்கு வக்கீல், ஆந்திர ராஜ்யம் பிறந்த அன்று இன்ஜினியர் காரு ஆனந்தக் கண்ணீர் விட்டார் என்றார். இரண்டும் பச்சைப் புளுகு. ஆந்திர ராஜ்யம் பிறந்த அன்று நைனா திருப்பதியில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மைதான். அது அம்மா கத்தியதற்காக.

நைனா பர்மாவில் ரயில் பாலம் கட்டினார். ஆப்பிரிக்காவில் மொம்பாசாவில் தண்டவாளம் போட்டார். பினாங்கில் துறைமுக வேலை பார்த்தார். போன இடத்துக்கெல்லாம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் எங்கள் பங்காளிகளுக்குப் பொறுக்கவில்லை. நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தைத் தாண்டி எதையும் பார்க்காதவர்கள், பெண்டாட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டார்களாம். மொம்பாசாவில் அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் கண்டு, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதும், தனியாக எப்படி அனுப்புவது என்று நைனா வரவிருந்த பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டுத் தானும் கூடவே கிளம்பிவிட்டார். கப்பல் தளத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த முடிக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பின்னியும் விடுவாராம். வெள்ளைக்காரிகள் நின்று பார்ப்பார்களாம். இதை அம்மா சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் வெட்கமும் திமிரும் கலந்து இருக்கும்.

கடைசிப் படுக்கையில் நைனாவுக்குப் பேச்சு குழறவில்லை. என்னையும் அண்ணன் கோவர்த்தனனையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

“நான் போய்ட்டா உங்கம்மா கைய எவளும் தொடக் கூடாது. பொட்டு, பூ, வளையல் எல்லாம் அவ இஷ்டம். எங்கண்ணன் செத்தப்போ அண்ணிய அந்த ஏரிக்கரையில என்ன பாடு படுத்தினாங்கன்னு நான் பாத்துக்கினுதான் நின்னேன். பொன்னிக்கு அது வேணாம். சத்தியம் பண்ணுங்க.”

அண்ணன் அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். நானும் பண்ணினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அண்ணன்தான் பந்தலில் கடைசியாகப் பேசினான். கலெக்டர் ஆபீஸில் வேலை, நாலு பேர் எதிரில் பேசிப் பழக்கம். “எங்க அம்மாவ எங்க நைனா கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினாரு” என்று குரல் தழுதழுக்கச் சொன்னபோது கிழவர்கள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கொஞ்சம் இளகிவிட்டேன். புத்தி கெட்டவள்.

பேச்சு முடிந்ததும் நாகபூஷணம் பெரியப்பா தொண்டையைச் செருமினார். நைனாவின் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். என் அண்ணன் மகளுக்குத் திருத்தணியில் மாப்பிள்ளை பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவரும் அவர்தான். “ஆம்பள வேல முடிஞ்சுது. பொம்பளைங்க ஆகவேண்டியதப் பாருங்க” என்றார்.

எங்கள் பக்கம் அது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாலியறுத்தவளுக்கு முதலில் தலை கொள்ளாமல் பூ வைப்பார்கள். முகம் பூரா மஞ்சள் பூசி, காசு அகலத்துக்குப் பொட்டு இட்டு, முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு அலங்காரம் கிடையாது. பிறகு ஏரிக்கரையில் உட்கார வைத்து, ஏற்கெனவே தாலியறுத்த பெண்கள் சுற்றி நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். வளையலைக் கல்லால் தட்டி உடைப்பார்கள். ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் வேடிக்கை பார்ப்பார்கள்.

அம்மாவை அலங்கரிக்கக்கூட விடவில்லை நான். “நைனா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அண்ணனுக்கும் தெரியும்” என்று குறுக்கே நின்றேன்.

பங்காளி வீட்டுச் செங்கம்மா என்னைத் தள்ளிவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “கப்பல் ஏறினவளுக்கு மட்டும் தனிச் சட்டமா? நாங்கல்லாம் என்ன, துன்னத் தெரியாம மண்ணத் துன்னவங்களா?” என்றாள். அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோது உடம்பு கூசியது. இவளுக்கும் இதே கரையில்தான் உடைத்தார்கள். தனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்ய இத்தனை வருஷம் காத்திருந்தாளோ என்னவோ.

அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக மகனைப் பார்த்தாள்.

“கோவர்த்தனா, நீ சொல்லுப்பா இவங்ககிட்ட.”

அண்ணன் நாகபூஷணம் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு, “திருத்தணிக்காரங்க சாயந்தரம் வராங்க” என்று மட்டும் காற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஒரு நிமிஷந்தாம்மா” என்றான் அண்ணன். “சாஸ்திரத்துக்கு. வீட்டுக்கு வந்தப்புறம் உன் இஷ்டம். யார் கேக்கப் போறாங்க?”

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. பிறகு இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினாள்.

“இவளுங்க யாரும் தொட வேணாம். நீயே உட.”

இதைக் கேட்டு வெட்கப்பட்டுப் பின்வாங்குவான் என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள். செங்கம்மாகூட அரை அடி விலகி நின்றாள். என் அண்ணன் குனிந்து செங்கம்மாவின் காலடியில் கிடந்த கல்லை எடுத்தான். நான் கத்திக்கொண்டு ஓடினேன். நாலு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடியிலேயே பச்சை வளையல்கள் நொறுங்கின. ஒரு சில்லு அம்மாவின் மணிக்கட்டில் ஏறி ரத்தம் வந்தது. அவள் முனகவில்லை. எல்லாம் முடிந்ததும் அவன் கல்லை ஏரியில் எறிந்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனான். பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அம்மா அண்ணனின் சித்தூர் வீட்டில் வெறும் நெற்றியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை. திருத்தணிச் சம்பந்தம் நல்லபடியாக உறுதியானது. அண்ணி லட்டு பிடித்தாள். வேலூருக்கு என் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று சொன்ன அன்று அம்மா எழுந்து முகம் கழுவினாள்.

“முதல்ல திருப்பதிக்குப் போவலாம் வா” என்றாள்.

மலைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கோவிந்தராஜசாமி கோயில் தெருவில் ஒரு வளையல் கடைக்குப் போனாள். கடைக்காரி சின்ன வயசுத் தெலுங்குப் பெண். என் கையைப் பிடித்து அளவு பார்த்தாள். அம்மா அதைத் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினாள். அந்தப் பெண் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். “வத்தம்மா, தப்பு” என்று தெலுங்கில் மறுத்தாள்.

“தப்பு ஒப்பெல்லாம் நான் பாத்துக்கறேன். பச்சையில போடு” என்றாள் அம்மா.

கடைக்காரி தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மணிக்கட்டில் ஆறாத காயத்தைப் பார்த்தாள். அதன்மேல் படாமல் ஒவ்வொன்றாக ஏற்றினாள். அம்மா பக்கத்துக் கடையில் குங்குமமும் வாங்கி, அங்கேயே கண்ணாடி பார்த்து இட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் சித்தூர் திரும்பினோம். அண்ணன் வாசலில் நின்றிருந்தான். அம்மாவின் நெற்றியையும் கையையும் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது.

“இன்னாம்மா இது? கல்யாணத்த வெச்சுக்கினு...”

அம்மா படியேறி அவன் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினாள்.

“உங்க நைனாவுக்காகப் போட்டுக்கினது உன் கையால போச்சு. இது எனக்காகப் போட்டுக்கினது. இத எந்தச் சாஸ்திரத்துக்குடா உடைப்பே?”

அண்ணன் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று மட்டும் எட்டிப் பார்த்தான்.