தகரக் கூரை வரும் இடம்

...ஒரே பெயரில் இரண்டு நாடகங்கள் இருக்கக் கூடாதா என்ன, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அவள் பார்த்துக்கொள்கிற பதினாறு குழந்தைகளில் மூன்று பேருக்குக் கிஷாந்த் என்றுதானே பெயர், அதுபோல இதுவும் வேறொன்றாக இருக்கும் என்று சுலக்ஷனா அக்கரப்பத்தனையில் பஸ் ஏறியதிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லி முடித்ததும் கை தானாகப் போனை எடுத்தது, அந்தப் படத்தைத் திறந்தது... கப்பல். எத்தனை தடவை பார்த்தாலும் கப்பல்தான். மேடையின் நடுவே பாய்மரம், அதிலிருந்து நாலா பக்கமும் இறங்குகிற கயிறுகள், கயிற்றைப் பிடித்தபடி வாயைத் திறந்து பாடுகிற ஆண்கள். தேயிலைத் தோட்டத்து லயம் எங்கே? தகரக் கூரை எங்கே? ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டுப் பாடுகிற அந்தப் பெண் எங்கே? படத்துக்குக் கீழே, அதை அனுப்பிய வாட்ஸ்அப் குழுக்காரன் ஜெரோஷனின் குரல் இருந்தது, அதை மறுபடி கேட்கத் தேவையில்லை, நேற்று மாலையிலிருந்து காதுக்குள் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, "அக்கா, ஒங்க நாடகம் கெடச்சிருச்சு! கொழும்புல போட்ட அதே ஆட்டம், அதே மண்டபம், முழு வீடியோவும் இருக்கு, நான்கூட இன்னும் பாக்கல. நாளைக்கு ஹட்டன்ல பெரிய திரையில போடுறேன். நீங்கதான் மொதல்ல எந்திரிச்சு கதைய சொல்றீங்க, சரியா?" அதே ஆட்டம், அதே மண்டபம்... அப்படியானால் வேறு நாடகம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பிரயோசனம். லிந்துலைப் பக்கம் பனிமூட்டம் இறங்கியிருந்தது, டிரைவர் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி போனார்.

பொய் சொன்னாளா அவள்? அதுதான் அவளுக்கே தெரியவில்லை. கேட்டது உண்மை. பத்து வருஷத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு நாடக அரங்கில் துப்புரவு வேலை செய்தாள், அப்போது அந்த ஆங்கிலப் பாட்டு நாடகம் ஒத்திகையும் ஆட்டமுமாகப் பதினொரு நாள் நடந்தது, பதினொரு நாளும் அவள் அங்கே இருந்தாள், ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம். மண்டபத்துக்குள் போக இரண்டு கதவுகள், இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புத் திரை, ஏனென்றால் நடைபாதையின் வெளிச்சம் ஒரு கோடு உள்ளே விழுந்தாலும் மேடையில் கட்டிவைத்த இருட்டு கெட்டுப்போகும், அதனால் ஆட்டம் தொடங்கிய பிறகு எந்தத் துப்புரவுக்காரியும் அந்தக் கதவைத் தொடக் கூடாது என்பது சூப்பர்வைசரின் சட்டம். ஆனால் நடைபாதையின் மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. நடிகர்கள் அறைக்குள் உட்கார்ந்திருந்தாலும் தங்கள் முறை எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்வதற்காக, மேடையில் நடப்பதெல்லாம் அதில் கேட்கும். அதன் கீழே நின்றுதான் அவள் தரை துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பாட்டு நாடகம் எப்படி ஓடுகிறது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தாள். முதலில் பேசுகிறார்கள், பேச்சு போதாமல் ஆகிற இடத்தில் வாத்தியம் அடியில் மெல்ல நுழைகிறது, இன்னும் போதாதபோது பாட்டு. இடைவேளைக்குப் பிறகு ஏற்கெனவே கேட்ட மெட்டே திரும்பி வருகிறது, ஆனால் இந்த முறை மெதுவாக, ஒற்றைக் குரலில், கேட்கிற ஆளுக்குத் தொண்டை அடைப்பது அந்த மெட்டினால் இல்லை, முதல் தடவை கேட்டபோது இருந்த சந்தோஷம் ஞாபகம் வருவதால். எந்தப் பாட்டு பிடித்தது என்று தெரிய வேண்டுமானால் இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசைக்குப் போனால் போதும், எதை முணுமுணுக்கிறார்களோ அதுதான்.

வரிசையில் அவர்கள் முணுமுணுத்தது அந்த மழைப் பாட்டைத்தான். அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும், லைன்... லைன்... ஆண்கள் கூட்டமாகக் கத்திப் பாடுவார்கள், பிறகு மழை பிடிக்கும், முதலில் ஒன்று இரண்டு துளி, அப்புறம் படபடவென்று தகரத்தின் மேல். அது தகரம்தான், தகரக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? லைன் என்றால் அவளுக்கு ஒரே ஒரு பொருள்தான் அன்றைக்கு, லயம்தான், தோட்டத்தில் லைன் வீடு என்று சொல்கிற, அறைகள் ஒட்டி வரிசையாக நிற்கிற லயம், அவள் பிறந்த பன்னிரண்டு காம்பறா லயம், வேறென்ன லைன் இருக்கிறது உலகத்தில். கொழும்பு ஆட்கள் இங்கிலீஷில் நம்முடைய லயத்தைப் பாட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று அவள் அழுதாள். மிச்சக் கதையை, விளங்கிய நாலைந்து சொற்களை வைத்து அவளே கட்டினாள், அம்மா, வீடு, திரும்பி வா... மகனை மண்சரிவில் இழந்த ஒரு தாய், மழை பெய்யும்போதெல்லாம் அவன் வருவான் என்று கதவைத் திறந்து வைக்கிறவள். கட்டினாள் என்றுகூட இன்றைக்குத்தான் தெரிகிறது. நேற்று வரைக்கும் அது நடந்த கதை. நேற்று ஜெரோஷனின் படத்தைப் பார்த்த பிறகு மடுவத்து டீச்சரின் அகராதியை எடுத்துப் பார்த்தாள், அந்தச் சொல்லுக்கு எத்தனையோ பொருள், அதில் ஒன்று கயிறு. கப்பலில் கட்டுகிற கயிறு.

சொன்னது ஒரே ஒரு பொய், ஒரே ஒரு சொல். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாட்டு நாடகங்களைப் பற்றி ஜெரோஷன் பேஸ்புக்கில் எழுதியதற்குக் கீழே நாலு பேர் கதைக்கத் தொடங்கி, அது வாட்ஸ்அப்பில் 'மேடைப் பைத்தியங்கள்' ஆனபோது, அவன் கேட்டான், "நேர்ல பாத்தீங்களா அக்கா?" ஆமா என்றாள். நேரில்தானே இருந்தாள். அந்த ஆமாவின் மேல் நாற்பது ஐம்பது குரல்பதிவுகளை அடுக்கிவிட்டாள், சட்டியில் சொட்டுகிற தண்ணீரின் நிறம்கூட அதில் உண்டு. டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மரியநாயகி, வேலை முடிந்து போகும்போது அவற்றைக் கேட்டபடிதான் நடப்பாளாம், "ஒங்க கொரலக் கேட்டா காலு வலிக்கறது தெரியல சுலக்ஷனா" என்றாள் ஒருநாள். அப்படி அவளிடம் வேறு யார் சொல்லியிருக்கிறார்கள்? வீட்டில் பாட்டு நாடகம் என்று வாயைத் திறந்தால் அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். இந்த மூன்று பேர் போனால் அவளுக்குப் பேச ஆளே கிடையாது, பதினாறு குழந்தைகளைத் தவிர. ஆனால்... வீரய்யா அண்ணன் இருக்கிறாரே. இறம்பொடை வீரய்யா அண்ணன், முன்பு ஒரு தோட்டத்துத் துரைக்கு வேன் ஓட்டியவர், அவர்தான் இந்த நாடகத்தைப் பார்த்த இன்னொரு ஆள், துரை குடும்பத்தைக் கொழும்புக்கு ஏற்றிப்போய் நடு வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம். "தங்கச்சி சொல்றது அப்புடியே நெசம், அந்தத் தகரத்துல மழ விழுகுற எடம், பக்கத்துக் காம்பறாவுல ஒரு ஆளு இருமுவான் பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு" என்றார். அந்த இருமலை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. ஸ்பீக்கரில் அவளும் கேட்டாள், மழைக்கு நடுவே, மூடிய அறைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு இருமல். அவர் தானாகச் சொன்னாரே. அப்படியானால் அவர் பார்த்திருக்கிறார், பக்கத்துக் காம்பறா இருக்கிறது, லயம் இருக்கிறது, இந்தக் கப்பல் வேறு ஏதாவது காட்சியாக இருக்கும்... அந்த மழைக் காட்சிக்குத் தமிழில் பாட்டுக்கூடக் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன், இன்றைக்குப் பாடப்போகிறார். அவரைப் பிடித்துக்கொண்டால் போதும். கண்ணால் பார்த்த ஆள்.

தலவாக்கலையில் லெட்சுமி அக்கா ஏறினாள், மேல் லயத்துக்காரி, கறிக்கோழிக் கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "என்ன புள்ள, கல்யாண வீடா? பவுடரெல்லாம் பலமா இருக்கு." "இல்லக்கா, ஹட்டன்ல ஒரு கூட்டம்." "என்ன கூட்டம், யூனியனா?" "நாடகம் பாக்க." "நாடகத்துக்கா இப்புடி மொகத்த வச்சிக்கிட்டுப் போற? புள்ளைக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறவ மாதிரி இருக்க." சிரிக்கப் பார்த்தாள், வாய் வளையவில்லை. இங்கேயே இறங்கிவிட்டால் என்ன, காய்ச்சல் என்று ஒரு குரல்பதிவு, மரியநாயகி உடனே கேட்பாள் எத்தனை டிகிரி என்று. அல்லது உண்மையைச் சொல்லிவிடலாம், எழும்பி நின்று, நான் பார்க்கவில்லை, கழுவினேன் என்று... அந்தச் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், கழுவினேன். துப்புரவு வேலை கேவலம் என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள், அது தெரியும், பயம் அது இல்லை. இரண்டு வருஷமாக அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, இதுவாவது உண்மையா என்று திருப்பிப் பார்ப்பார்களே, மரியநாயகி நடந்துபோகிற வழியில் நின்று நின்று யோசிப்பாளே, அதுதான்.

ஹட்டனில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். குரலாக மட்டுமே தெரிந்தவர்கள் உடம்போடு நின்றார்கள், ஜெரோஷன் அவள் நினைத்ததைவிடக் குள்ளம், மரியநாயகி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, கை ஐஸா இருக்கே, சுகமில்லையா?" என்றாள். பஸ்ல காத்து என்றாள் சுலக்ஷனா. வீரய்யா அண்ணன் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார், நெற்றி வியர்த்திருந்தது. "வாங்க தங்கச்சி" என்றவர் உடனே ஜெரோஷன் பக்கம் திரும்பினார். "வெளிய பெய்யுற மழைக்குக் கரண்ட் போயிருமே தம்பி?" "போகாது அண்ணே." "புரஜெக்டர் சூடாகி நின்னுரும்ல?" "நிக்காதுங்க." "இல்ல, வெறும் பாட்ட மட்டும் போட்டாக்கூட எனக்குப் போதும், படமெல்லாம் எதுக்கு, கற்பனைதானே அழகு..." "அண்ணனுக்குத் தன் பாட்டைப் பாட அவசரம், வெட்கத்த பாரு" என்று மரியநாயகி சிரித்தாள். வீரய்யா அண்ணனும் சிரித்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தைரியமாக இருக்கும் என்று சுலக்ஷனா அங்கேயே உட்கார்ந்தாள். கதை சொல்ல ஜெரோஷன் அழைத்தபோது எழும்பினாள். "நான் என்னத்த சொல்றது... நீங்களே பாருங்களேன்" என்றாள். கை தட்டினார்கள்.

திரையில் கப்பல் வந்தது. அது போகும் என்று காத்திருந்தாள், போகவில்லை. ஒவ்வொரு பாட்டும் அவளுக்கு மனப்பாடம், இன்ன இடத்தில் கால் உதைப்பு, இன்ன இடத்தில் கைதட்டல், எல்லாம் சரியாக வந்தன, ஆனால் எல்லாம் கடலில் நடந்தன. லைன், லைன் என்று ஆண்கள் பாடிக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். பிறகு மழை. பயத்துக்கு நடுவிலும் அவள் கண் அதை விடவில்லை... மாலுமிகள் கயிறுகளைக் கட்டிவிட்டு ஆளுக்கொரு இரும்புப் பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தினார்கள், ஒருவன் ஒரு விரலால் தட்டினான், இன்னொருவன் இரண்டு விரலால், பிறகு எல்லோரும் பத்து விரலாலும், அவ்வளவுதான் மழை. பாடத் தொடங்கிய பெண் கையில் சட்டி இல்லை, விளக்கு இருந்தது. மேடையின் தரையில் ஒரு பலகைக் கதவு, அதன் கீழே கப்பலின் அடித்தட்டிலிருந்து யாரோ இருமினார்கள். அதே இருமல். காம்பறா கிடையாது, பக்கத்துக் காம்பறா கிடையவே கிடையாது, நடு வரிசையில் உட்கார்ந்த எவருக்கும் அதைப் பார்த்தால் காம்பறா என்று சொல்ல வராது... அப்படியானால் அண்ணன்? மெல்லத் திரும்பினாள். வீரய்யா அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், மழைக்கு ஏற்றாற்போல விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன, இறம்பொடையிலிருந்து இதே பயத்தோடு இன்னொரு பஸ்ஸும் வந்திருக்கிறது. துரை குடும்பம் உள்ளே. வேன் வெளியே. வேனுக்குப் பக்கத்தில் ஏதாவது ஜன்னலா, காற்றுப்போக்கியா, எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவரும் அந்தச் சத்தத்துக்குத் தகரம் போட்டு, காம்பறா பிரித்து, அதற்குள் ஒரு ஆளை இரும வைத்தார்? "சுலக்ஷனா," முன்வரிசையிலிருந்து மரியநாயகி திரும்பினாள், குரலில் சந்தேகம் இல்லை, வெறும் ஆவல், "அந்தத் தகரக் கூரை எப்ப வரும்?" வீரய்யா அண்ணன் கண்ணைத் திறந்தார், அவளைத்தான் பார்த்தார், அவளும் அவரைத்தான் பார்த்தாள், இரண்டு பேருடைய வாயும் ஒரே நேரத்தில் திறந்தன, இருட்டுக்குள் பீப்பாய்களின் மேல் விரல்கள் இன்னும் ஓயவில்லை... இப்போதுகூட, காதை மட்டும் நம்பினால், அது தகரம்தான்.