பதினேழாவது வூடு

கல்யாண ஓலை வாசிக்கும்போது யாராவது எழுந்து தடை சொல்லுவார்கள் என்று கோபால்சாமி உபதேசியார் கனவிலும் நினைத்ததில்லை. இருபத்திரண்டு வருசமாக அந்த மலைக்கோயிலில் ஓலை வாசிக்கிறார். மாப்பிள்ளை பேர், பெண் பேர், ஊர்ப்பேர் எல்லாம் சொல்லிவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று கேட்பார். கேட்ட வாய் மூடுமுன்னே அடுத்த பாட்டை எடுத்துவிடுவார். யார் சொல்லப் போகிறார்கள்? மூன்று ஞாயிறு இப்படி வாசித்தாகிவிட்டால் நாலாவது வாரம் பந்தல்தான்.

எண்பத்தொன்றாம் வருசம் மாசிக் கடைசியில், முதல் ஞாயிறு வாசிப்பிலேயே மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"தடை இருக்குதுங்க ஐயா," என்றான் ராஜாக்கண்ணு. "எனக்குத்தான் தெரியும்."

தப்பு உபதேசியார் மேல்தான். அதை அவரே பின்னால் ஆயிரம் தடவை ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டபிறகுதான் ஓலையில் பேர் எழுத வேண்டும் என்பது சபை விதி. ஆனால் மலையில் அந்த விதியை யார் பார்த்தார்கள்? தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். ராஜாக்கண்ணு கொத்தனார் வேலைக்கு அமிர்திப் பக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய மாமன் சின்னதம்பி, சபைக் கமிட்டியில் பெரிய ஆள், தன் மைத்துனன் மகள் செந்தாமரையை ஒடுகத்தூரில் பேசி முடித்துவிட்டு நேராக உபதேசியார் வீட்டுக்கு வந்து பேரை எழுதச் சொன்னார். இவரும் எழுதினார். பையனுக்கு முப்பத்தாறு வயசாகிவிட்டது, இனியாவது ஒரு வழி பிறக்கட்டுமே என்ற நல்லெண்ணம் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பிய ராஜாக்கண்ணுவுக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து கேட்கும் வரைக்கும் தனக்குக் கல்யாணம் என்பதே தெரியாது.

கோயிலில் அவன் நின்றபடியே கையைக் கட்டிக்கொண்டு, செங்கல் அடுக்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினான்.

"செந்தாமரை நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க. அதை ஏமாத்த என்னால ஆவாதுங்க. நானும் முனியனும் ஒரே வூட்ல இருக்கிறது சோறு பொங்கித் தின்ன மட்டும் இல்லீங்க. ஒருத்தருக்கு ஒருத்தர்னு இருக்கோம். ஒம்போது வருசம் ஆச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் முனியன் பாயின் கோரையை எண்ணுகிறவன் மாதிரி குனிந்தே இருந்தான். உபதேசியாருக்கு மூளை நின்றுபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், இருபத்திரண்டு வருசப் பழக்கத்தில் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். அது கல்யாண வாழ்த்துப் பாட்டு. சனங்களும் பாவம், ஒரு சரணம் விடாமல் பாடி முடித்தார்கள்.

அதற்கப்புறம் மலையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. புளி உலுக்குகிற காலம் அது. மரத்துக்கு மரம் ஆட்கள் கூடியிருந்தார்கள், கைக்கும் வேலை, வாய்க்கும் வேலை. நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், யாருக்கும் அது முழுக்கப் புதுச் சேதி இல்லை. முனியன் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீசில் தோட்டவேலை செய்பவன். ராஜாக்கண்ணுவோடு வந்து தங்கி, கோயிலுக்கும் கூடவே வந்து, நாலாம் வருசம் ஞானஸ்நானம் வாங்கினான். உபதேசியார் மோசே என்று பேர் வைத்தார். ஒரு ஆள்கூட அப்படிக் கூப்பிடவில்லை. சனங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பேசாதவரைக்கும் ஒன்றுமில்லை. இப்போது அவன் வாயைத் திறந்துவிட்டான்.

சின்னதம்பி அடுத்த நாளே வந்தார். வெற்றிலை கொடுத்தும் போடவில்லை. மருமகனை அவர் திட்டக்கூட இல்லை, அதுதான் உபதேசியாருக்குப் பயமாக இருந்தது. ஒடுகத்தூரில் மைத்துனன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஒரு தடவை சொன்னார். பிறகு காரியத்துக்கு வந்தார். பங்குனி முதல் வாரம் போதகர் மலைக்கு வருகிறார். திருவிருந்துப் பட்டியலில் பதினேழாவது வீட்டை அடித்துவிட வேண்டும். ஆணோடு ஆண் கூடாது என்று லேவியராகமத்தில் போட்டிருக்கிறது, பவுலும் எழுதியிருக்கிறார், நான் சொல்லவில்லை, வேதம் சொல்லுகிறது என்றார்.

பட்டியல் என்பது இதுதான். அந்தச் சபைக்குத் தனிப் போதகர் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீழேயிருந்து ஒருவர் வந்து அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். யார் யார் பந்திக்கு வரலாம் என்று உபதேசியார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் ஆளாக அல்ல, வீடு வீடாக. மொத்தம் இருபத்தோரு வீடு. அவர் பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வீடும் சேர்ந்து எழுந்து போய் முழங்கால் போடும். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். பதினேழாவது வரியில் 'ராஜாக்கண்ணு, மோசே' என்று அவர் கையாலேயே ஐந்து வருசமாக எழுதி வந்திருக்கிறார்.

அடித்துவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் சபை இல்லை. மலையில் சபை இல்லையென்றால் கல்யாணம், சாவு, நோய், நொடி எதற்கும் ஆள் இல்லை என்று அர்த்தம். அடிக்காவிட்டால் சின்னதம்பி கீழே சபைத் தலைமைக்கு மனுப் போடுவார், உபதேசியார் வேலை போகும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவது?

அவர் வேதத்தை எடுத்து உட்கார்ந்தார். அவருக்கு மனசுக்குள் படிக்க வராது, சத்தமாகத்தான் படிப்பார். லேவியராகமத்தில் போட்டிருந்தது. பவுலும் எழுதித்தான் இருந்தார். சின்னதம்பி பொய் சொல்லவில்லை.

உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டிக்கொண்டே அவர் மனைவி காந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அதே லேவியராகமத்தில் பன்றியும் ஆகாது என்று போட்டிருக்கிறதே, கிறிஸ்மஸுக்கு சின்னதம்பி வீட்டில்தானே பன்றி அடித்து ஊருக்கே கூறு போட்டார்கள் என்றாள். உபதேசியாருக்கு ஒரு நிமிசம் சந்தோசமாக இருந்தது. ஆனால் மனுசன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளத் தெரியாதவர். பன்றிக்கு விடுதலை பேதுருவுக்கு வந்த தரிசனத்தில் வந்துவிட்டது, இதற்கு அப்படி எங்கே வந்தது என்று அவளிடமே திருப்பிக் கேட்டார். அவள் துடுப்பை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள்.

"அந்தத் தரிசனம் பன்னிக்காகவா வந்துச்சு?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "வாசல்ல மூணு பேரு நின்னாங்களே, அவங்களுக்காவ வந்ததுங்க அது."

பேதுரு கூரைமேல் பசியோடு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, எந்த மிருகத்தையும் அடித்துச் சாப்பிடு என்று வந்த தரிசனம் அது. பேதுரு முகம் கழுவுமுன்னே வாசலில் வேற்று ஜாதி ஆட்கள் வந்து நின்றார்கள். சுத்தமில்லை என்று தள்ளிவைத்த ஆட்கள். அந்த இடத்தை உபதேசியார் இருபது தடவையாவது பிரசங்கம் பண்ணியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்றது தன்னுடைய சனம் என்று சொல்லித்தான் பண்ணியிருக்கிறார்.

புதன்கிழமை காலை முனியன் வந்தான். அவனாக உபதேசியாரிடம் இரண்டு வார்த்தைக்குமேல் பேசினவன் இல்லை. ஆபீஸ் தோட்டத்துக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதை வைத்துவிட்டு, பட்டியலில் தன் பேரை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டான். ராஜாக்கண்ணு பிறவிக் கிறிஸ்தவன், அந்தக் கோயிலின் பின்சுவரையே அவன்தான் எழுப்பினான், திருவிருந்து இல்லையென்றால் ஒடிந்துபோவான். நான் நடுவில் வந்தவன், எனக்குப் பரவாயில்லை, காவலூரிலேயே தங்கிக்கொள்கிறேன் என்றான். இதை அவனிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் ராஜாக்கண்ணு வந்தான். சுண்ணாம்புக் கையைக்கூடக் கழுவவில்லை. அவனும் கேட்டது ஒன்றே ஒன்று. என் பேரை அடித்துவிடுங்கள், முனியன் பேர் இருக்கட்டும். அவன் வீட்டையும் ஜாதியையும் விட்டுவிட்டு இங்கே வந்தவன், அவனுக்கு இந்தச் சபையை விட்டால் ஒரு நாதியும் இல்லை. முனியனிடம் சொல்லிவிடாதீர்கள்.

உபதேசியார் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"வேதத்துல இப்படிப் போட்டிருக்கே ராஜாக்கண்ணு. நீ அதுக்கு இன்னா சொல்ற?"

"படிச்சிருக்கேங்க ஐயா. பதினஞ்சு வயசுலேர்ந்து அந்த எடத்தைத்தான் படிச்சிக்கினு இருக்கேன். அதுல சொல்ற ஆளுங்க இச்சை புடிச்சு அலையறாங்க, சாமியையே தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க. நான் எங்கயும் போவலீங்க. இங்கதான் இருக்கேன். அது நானான்னு எனக்குத் தெரியல." சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்தான். "ஆனா பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னும் அதுலதான் போட்டிருக்கு. அது எனக்குத்தான்னு நல்லாத் தெரியும். அதான் எந்திரிச்சேன்."

அவன் போனபிறகு உபதேசியார் அழுதார். ஒருவனுக்காக ஒருவன் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறதை என்ன பேர் சொல்லி அழைப்பது என்று வேதத்தில் தேட வேண்டியதே இல்லை. அதை அவர் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சிலுவையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பவுல் எழுதினது எழுதினதுதான், அது அவரை இனியும் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் எந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதைப் படிப்பது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனசு லேசாயிற்று.

சனிக்கிழமை சின்னதம்பி மறுபடி வந்தார். அடிக்கப் போவதில்லை என்று இவர் சொன்னார். சின்னதம்பி விடவில்லை. அப்படியானால் என் வீட்டையாவது அவர்களுக்கு முன்னால் எழுது என்றார். சின்னதம்பி வீடு பதினெட்டாவது. அவர்கள் வாய் வைத்த கிண்ணத்தில் என் வீட்டு ஆட்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்.

அந்தப் பேச்சை உபதேசியார் முன்னாலேயே கேட்டிருக்கிறார். ஏழெட்டு வயதில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கிப் போன கோயிலில். மலைச்சனம் கடைசியில்தான் வர வேண்டும், கிண்ணம் அப்படித்தான் சுற்றும். அப்பாவிடம் அது வரும்போது அடியில் ஈரம் மட்டும் இருக்கும். அப்பா அந்த ஈரத்தில் உதட்டை வைத்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் சந்தோசமாகப் பாடிக்கொண்டே வருவார். அந்தக் கோயில்காரர்களும் அதற்கு ஒரு வசனம் வைத்திருந்தார்கள்.

சின்னதம்பி போனதும் பழைய பட்டியலைப் பிரித்தார். முதல் வரியில் உபதேசியார் வீடு, கோபால்சாமி, காந்தா. அதை அடித்தார். புதுத் தாளில் வரிசையை மாற்றி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜீப்பில் வந்து இறங்கியதுமே சின்னதம்பி அவரை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். போதகர் கெட்ட மனுசன் இல்லை, வம்பு பிடிக்காத மனுசன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ராஜாக்கண்ணு வீட்டை இந்தத் தடவை மட்டும் விட்டுவிடலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

"தடை இருந்தா சொல்லுங்கன்னு நாமதாங்க ஐயா கேட்டோம்," என்றார் உபதேசியார். "கேட்டதுக்கு ஒருத்தன் நெசத்தைச் சொன்னான். சொன்னதுக்காவ அவனை வெளிய தள்ளினா, இனிமே அந்தக் கேள்வியை நான் இந்தக் கோயில்ல கேக்க மாட்டேன். எல்லாரும் பொய் சொல்லிட்டு வந்து முட்டி போடட்டும்."

போதகர் தாளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பட்டியல் உபதேசியார் பொறுப்பு, கீழே கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன் என்றார். சரிங்க என்றார் இவர்.

காந்தா உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சின ரசம் கிண்ணத்தில் இருந்தது. வழக்கமாக முதலில் போகிற உபதேசியார் வீடு போகவில்லை என்றதும் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வாசித்துக்கொண்டே போனார். பதினைந்து வீடும் போய்த் திரும்பியது.

"ராஜாக்கண்ணு, மோசே."

கடைசிப் பாயில் இரண்டு பேரும் அசையவில்லை. தன் பேர் இருக்காது, மற்றவன் பேர்தான் இருக்கும் என்று ஒவ்வொருவனும் காத்திருந்தான் போல. இரண்டு பேரையும் சேர்த்து வாசித்தது புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சேர்ந்து எழுந்து, சேர்ந்து நடந்து வந்து, சேர்ந்து முழங்கால் போட்டார்கள். குடித்தார்கள்.

"கோபால்சாமி, காந்தா," என்று உபதேசியார் தன் பேரைத் தானே வாசித்தார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர்கள் இன்னும் எழுந்திருக்காத இடத்துக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டார். காந்தா அவருக்கு அந்தப் பக்கம். அடுத்தது சின்னதம்பி வீடு என்று எல்லாருக்கும் தெரியும். பின்னால் யாரோ எழுந்திருக்கிற வளையல் சத்தம் கேட்டது. அது சின்னதம்பி மனைவி முத்தம்மாளாக இருக்கலாம். சின்னதம்பியும் எழுந்தாரா என்று உபதேசியார் திரும்பிப் பார்க்கவில்லை.

போதகர் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைக்கப் போனார். வேண்டாம் ஐயா என்று சொல்லிக் கையை நீட்டி அப்படியே வாங்கினார் உபதேசியார். அப்பாவை நினைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். இன்னும் பாதிக்குமேல் இருந்தது.