ஸ்ரனிஸ்லஸின் கப்பல்

எங்கள் ஊர் கள்ளப்பாட்டில் அந்த மோட்டார்சைக்கிளுக்குக் கப்பல் என்றுதான் பெயர். முன்னுக்கு அகலக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இருப்பவர் சாய்ந்துகொள்ள மெத்தை. நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் கொழும்பில் வாங்கி, அதைக் கடற்கரை மணலில் கொண்டுவந்து புதையவிட்ட மகான் ஸ்ரனிஸ்லஸ். ஊரே சிரித்தது. பின்சீற்றில் மகாராணி மாதிரி இருந்து வந்த அவன் மனைவி கலிஸ்ராவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

போன மாரியில் கடல்தொழிலுக்குப் போன ஸ்ரனிஸ்லஸ் திரும்பவில்லை. வள்ளமும் கரை ஒதுங்கவில்லை. இறந்தோர் பூசை வைப்போமா என்று பங்குச் சுவாமி வந்து கேட்டபோது கலிஸ்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வந்ததும் கப்பலைத்தான் முதலில் கேட்பார் என்று சொல்லிச் சொல்லி அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் ஒரு சொட்டு விழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று கதைக்க ஊருக்கு வாயா இல்லை?

ஆனால் பிள்ளைகளின் வயிறு காத்திருக்காதே. மல்லாவியில் மா அரைக்கும் மில் வைத்திருந்த தவராசா, பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து விலை கேட்டபோது அவள் சம்மதித்தாள். விற்றாலும் அது எங்காவது ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும், அவர் வந்ததும் திருப்பி வாங்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். காசும் கைமாறியது.

தவராசா முற்றத்தில் குந்தி எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"மில்லுக்கு எஞ்சின்தானே தங்கச்சி வேணும், மண்ணெண்ணெயிலை சமாளிப்பன். இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை இதை ஓட ஆரிட்டைப் பெற்றோல் கிடக்கு?"

 தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறியது. தவராசா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"பொடியை எங்கை வைக்கிறது, தங்கச்சி?"

எங்கள் பக்கத்தில் வண்டியின் கூட்டுக்கும் பொடிதான், செத்தவரின் உடம்புக்கும் பொடிதான். பாவம், அந்த மனுசன் ஒன்றையும் நினைத்துக் கேட்கவில்லை.

கலிஸ்ரா அவரையே பார்த்தாள்.

"வெளியிலை வேண்டாம் அண்ணை. உள்ளுக்கை கொண்டுவாங்கோ."

தவராசாவும் பக்கத்து வீட்டு மத்தேயுவும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் கதிரைகளை ஒதுக்கி, வீட்டு நடுவில் வைக்கச் சொன்னாள். கண்ணாடிப் பக்கமாக இரண்டு மெழுகுதிரி கொளுத்தினாள். பிறகு நிலத்தில் விழுந்து, அந்த மெத்தையைக் கட்டிப்பிடித்து, "என்ரை ராசா" என்று அலறினாள்.

அயல் முழுக்க ஓடிவந்தது. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பெண்கள் அவளைச் சுற்றியிருந்து தாங்களும் அழுதார்கள். தவராசா போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வாசலில் நின்றார்.

குரல் அடைத்துப்போன பிறகு கலிஸ்ரா தலை நிமிர்ந்து மத்தேயுவைத் தேடினாள்.

"சுவாமிக்குச் சொல்லிவிடுங்கோ அண்ணை," என்றாள். "இவர் வந்திட்டார்."