கோட்டுக்கு மேலே ஒரு வரி

புசல்லாவையில் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தாலும், பேராதனைச் சந்தியில் அது நிற்கிற நிற்பில் ஏழரைக்குள் கண்டிக்கு வந்து சேர்வது டிரைவர் கையிலும் இல்லை, ஆண்டவன் கையிலும் இல்லை. பள்ளிக்கூட அதிபர் கலாராணிக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். ஏழரை அடித்தால் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும். பிந்தி வந்தவர்கள் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்துப் போடவேண்டும். புது டீச்சர் நிலூஷா ஆறு மாதத்தில் பதினொரு தடவை கீழே போட்டிருந்தாள். அவளை நிரந்தரமாக்கும் அறிக்கையை எழுதப்போவதும் அந்தச் சிவப்புப் பேனாதான்.

அன்று அதிபர் அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். அவள் கதிரை நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒங்க வகுப்பு தர்ஷனா ஓ.எல். பரீட்சையில கணக்குல தேறமாட்டா. ஸ்கூல் ரிசல்ட் விழுந்துரும். விண்ணப்பம் அனுப்ப முந்தி, இந்த வருசம் எழுதலன்னு தாய்கிட்ட கடிதம் வாங்கிருங்க."

"பன்னெண்டு மார்க் எடுத்த புள்ள மேடம், இப்ப முப்பத்திரெண்டு. இன்னும் மூணுதான் கொற. அஞ்சு மாசம் இருக்கு. நான் பின்னேரம் நின்னு படிப்பிக்கிறேன்."

"பின்னேரம் நிக்கிறது இருக்கட்டும். காலையில நேரத்துக்கு வாங்க." அதிபர் புத்தகத்தைத் திறந்து, பதினொரு கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இதெல்லாம் அறிக்கையில எழுதட்டா?"

நிலூஷா மூன்று நாள் பிடிவாதமாக இருந்தாள். மூன்று நாளும் கோடு ஏழு இருபத்தைந்துக்கே விழுந்தது. மற்ற டீச்சர்மார் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தராவது வாய் திறக்கவேண்டுமே! நாலாம் நாள் கடிதத்தை அவளே எழுதினாள். 'சுகவீனம் காரணமாக' என்ற இடத்தில் கை கூசியது. ஆனாலும் எழுதி முடித்தாள்.

தர்ஷனாவின் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்திருந்தாள். டீச்சருக்கென்று ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

"இதுல என்னா எழுதியிருக்கு டீச்சர்? எனக்குப் பேரு மட்டுந்தான் எழுத வரும்."

"அடுத்த வருசம் எழுதினா நல்லா எழுதலாம்னு..."

"விடிய நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு கணக்கு செய்யிறாளே." அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி. நீங்களும் தோட்டத்து லயத்துல பொறந்த புள்ள. எங்க புள்ளைக்குக் கெடுதலா செய்வீங்க?"

பேனாவை அழுத்திப் பிடித்து எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நிலூஷாவுக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாளும் பஸ் பேராதனையில் நின்றது. ஓட்டமும் நடையுமாக அவள் வந்து சேர்ந்தபோது ஏழு நாற்பது. கோடு போட்டாகிவிட்டது. ஆனால் கோட்டுக்கு மேலே ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது.

வாசலில் தர்ஷனா கணக்குக் கொப்பியோடு அவளுக்காகக் காத்து நின்றாள். நிலூஷா தலையைக் குனிந்து, ஏழு இருபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.